வழிகாட்டும் செயலிகள்: ஓர் ஒப்புநோக்கு

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இம்மேடையில் குறளும் சிலம்பும் கம்பனும் பேசப்படுதல் வழக்கம். புலவர் பெருமக்கள் அமர்ந்துள்ள அவையில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, புகைவண்டி நிலையப் பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதிக் காலம் கழிக்கும் யாம் அத்துறையில் வாய் திறத்தல் தகாது. ஆதலின், செயலாளர் எம்மை அணுகியபோது, "கைப்பேசியில் வழி காட்டும் செயலிகளைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் எம் முகத்தையே நோக்கியிருந்துவிட்டு, "அதிலும் தமிழ் இருக்குமானால் பேசுங்கள்" என்றார். இருக்கின்றது என வாக்களித்தோம். அவ்வாக்கைக் காத்தோமா என்பதைக் கேட்டு முடித்தபின் நீங்களே கூற வேண்டும்.

நம் காலனியில் உள்ளோர் பெரும்பாலும் பிழைப்பின் பொருட்டு மதுரை, திண்டுக்கல், திருச்சி, நெல்லைப் பக்கங்களிலிருந்து பாலக்காட்டிற்கு வந்தவர்கள். யாம் அத்துணைத் தொலைவிலிருந்து வந்தவர் அல்லோம். எம் ஊர் வடகரப்பதி. சித்தூர் வட்டத்தில், கோவை மாவட்டத்தை ஒட்டிய எல்லையில் உள்ளது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது அதனுள் அமைந்த தமிழ் ஊர்களுள் ஒன்று. புகைவண்டிக்காரராகிய எமக்கு வழி கேட்கும் பழக்கமே இருந்ததில்லை. தண்டவாளம் கேட்க விடுவதில்லை. அப்படியிருந்த எம்மை இப்பொருளின் பக்கம் திருப்பியது சென்ற மார்கழியில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி. அதனை முதலில் சொல்லிவிடுகின்றோம்.

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினரும், கீமேனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவருமான பெரியவர் ஒருவர், வடகரப்பதிக்கு அண்மையில் உள்ள புதூரில் தம் மகனோடு வாழ்ந்து வந்தார். ஒருநாள் மாலை அவர் காலமானார். மகளை மங்களூரில் கொடுத்திருந்தனர். செய்தி அறிந்து, இரவு வண்டியேறி, இரு குழந்தைகளுடன் விடியற்காலையில் பாலக்காடு சந்திப்பில் வந்து இறங்கினார் அவ்வம்மையார். வாசலில் நின்ற வாடகைக் காரில் ஏறிப் "புதூர்" என்றார். ஓட்டுநர் வேற்று மாவட்டத்திலிருந்து வந்து சில நாளே ஆன இளைஞர். ஊர்ப்பெயரைக் கைப்பேசியில் இட்டார், பாலக்காடு மாவட்டத்துப் புதூர் என்று விடை வந்தது, புறப்பட்டார். இரவெல்லாம் அழுது களைத்திருந்த மகள் காரிலேயே கண்ணயர்ந்துவிட்டார்.

நம் மாவட்டத்தில் புதூர் ஒன்றன்று. அட்டப்பாடி மலையில் அகளி, சோலையூர், புதூர் என மூன்று ஊராட்சிகள் உள்ளன. கிழக்கே செல்ல வேண்டிய கார் மண்ணார்க்காட்டைக் கடந்து மலையேறத் தொடங்கிற்று. கொண்டை ஊசி வளைவொன்றில் குழந்தை வாந்தி எடுத்தபோதுதான் தாய் விழித்தார். சுற்றிலும் காடு. கைப்பேசியில் அலை இல்லை. ஊரிலோ, பேசியும் கிடைக்கவில்லை, ஆளும் வரவில்லை என்று அண்ணனும் பங்காளிகளும் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருந்தனர். ஒன்பது மணிக்கு எடுப்பதாக இருந்தது. பத்தரை வரை பொறுத்தார்கள். அதற்கு மேல் பெரியவர்கள் பொறுக்கவில்லை.

பெண்கள் சுடுகாட்டிற்குச் செல்வது எம் பக்கத்தில் வழக்கமில்லை. அன்று அம்மகள் காரிலிருந்து இறங்கியதும் வீட்டிற்குச் செல்லாமல் நேரே அங்கேதான் ஓடி வந்தார். அடுக்கி முடித்திருந்த விறட்டியில் நான்கை எடுத்துவிட்டு, முகத்துணியை விலக்கிக் காட்டினார்கள். எவரும் ஒரு சொல் சொல்லவில்லை. யாமும் அங்கே நின்றிருந்தோம். அந்த ஓட்டுநர் வாடகை வாங்க மறுத்துவிட்டார் என்பதைப் பின்னர் அறிந்தோம். அவர் இட்ட செயலி எது என்பது எமக்குத் தெரியும், சொல்லப் போவதில்லை. ஏனெனில் அது பொய் சொல்லவில்லை. கேட்ட பெயருக்கு ஓர் ஊரைக் காட்டிற்று. நம் புதூர் அதன் படத்தில் அந்தப் பெயரால் இல்லை, அவ்வளவே.

அன்று முதல் யாம் ஓய்வு நேரமெல்லாம் இச்செயலிகளைத் தோண்டிப் பார்க்கலானோம். கண்டவற்றைச் சொல்கின்றோம்.

பலரும் இரண்டு பொருள்களை ஒன்றெனக் கருதி மயங்குகின்றனர். நாம் நிற்கும் இடத்தை அறிவிப்பது வானத்துச் செயற்கைக்கோள். செல்லும் வழியைச் சொல்வது மண்ணிலே மனிதர் வரைந்த படம். முன்னது ஏறக்குறையப் பிழையே செய்வதில்லை. பிழைகளெல்லாம் பின்னதில்தான்.

அமெரிக்காவின் ஜி.பி.எஸ். முறையின் முதற் செயற்கைக்கோள் 1978இல் விண்ணேறிற்று. 1995இல் முறை முழுமை பெற்றது. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த அலையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். அதனை நீக்கிய பின்னரே கார்க்காரர்களுக்கு அது முழுப்பயன் தந்தது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு கோளிலும் அணுக்கடிகாரம் உண்டு. அது தன் மணியையும் தன் இருப்பிடத்தையும் இடைவிடாது ஒலிபரப்புகின்றது. நான்கு கோள்களின் அலைகளேனும் கிடைத்தால், அவை வந்து சேர எடுத்த நேர வேறுபாட்டைக் கொண்டு கைப்பேசி தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கின்றது. மணியில் ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தொலைவில் 300 மீட்டர் பிசகும். நிலையக் கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தினாலும் சமாதானம் சொல்லப் பழகிய எம்மனோர்க்கு இது வியப்பாகவே உள்ளது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். கைப்பேசி வானத்தை நோக்கிக் கேட்கின்றதே அன்றி, வானத்திற்கு எதையும் அனுப்புவதில்லை. ஆகவே, அலை இல்லாத மலையிலும் இருப்பிடம் அறிய முடியும். அங்கே இல்லாமற் போவது படம் மட்டுமே. படத்தைத்தான் இணையத்தின் வழியே இறக்கிக்கொள்கின்றோம். அட்டப்பாடிச் சுரத்தில் அம்மகளுக்கு நேர்ந்ததும் அதுவே. தாம் நிற்கும் புள்ளி திரையில் தெரிந்தது. புள்ளியைச் சுற்றி வெறும் சாம்பல் நிறம்.

நம் நாட்டிற்கும் இத்தகைய முறை ஒன்று உண்டு. 2013 ஜூலை முதல் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதன் முதற் செயற்கைக்கோளை இஸ்ரோ ஏவிற்று. 2016இல் அதற்கு 'நாவிக்' என்று பெயர் சூட்டப்பட்டது. பல கோள்களில் அணுக்கடிகாரங்கள் பழுதுற்றன. 2025 ஜனவரியில் ஏவிய என்.வி.எஸ்.-02 உரிய பாதையை எட்டவில்லை. ஆகவே அது இன்னும் முழுவலிமை பெறவில்லை. இதனை ஈண்டுக் கூறுவதன் காரணம், 'நாவிக் என்னும் செயலியை எங்கே இறக்குவது?' என்று நம் காலனி இளைஞர் இருவர் எம்மைக் கேட்டதே. நாவிக் செயலி அன்று, கோள். வழி சொல்ல அதற்கும் ஒரு படம் வேண்டும்.

படம் வரைதல் எளிய தொழில் அன்று. 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்கு அருகே லாம்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி சங்கிலியால் ஏழரை மைல் நீளக் கோடொன்றை அளந்தார். அதற்கே 57 நாள் ஆயிற்று. இந்தியாவின் பெரும் நில அளவை நம் தமிழ் மண்ணிலே அப்படித் தொடங்கிற்று. இன்று கோளின் துணையால் அளத்தல் எளிதாயினும், இது சாலை, இது வாய்க்கால் கரை, இது ஒருவர் தோப்பிற்குள் போகும் தடம் என்று பிரித்தறிய மனிதக் கண்ணே வேண்டும்.

இனிச் செயலிகளைப் பார்ப்போம்.

நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கைக்கொள்வது கூகுள் மேப்ஸ். 2005இல் தொடங்கியது, 2018 முதல் தமிழிலும் மலையாளத்திலும் குரல் வழி சொல்கின்றது. அதன் பெருஞ்சிறப்பு நெரிசலை அறிவதில் உள்ளது. சாலையில் செல்வோரின் கைப்பேசிகள் எத்துணை விரைவாக நகர்கின்றன என்பதைத் தொகுத்தே அது நெரிசலைக் கணிக்கின்றது. 2020இல் பெர்லின் நகரில் சைமன் வெக்கர்ட் என்னும் கலைஞர் 99 கைப்பேசிகளை ஒரு சிறு கைவண்டியில் இட்டு ஆளற்ற தெருவில் மெல்ல இழுத்துச் சென்றார். படத்தில் அத்தெரு நெரிசலால் சிவந்து போயிற்று! ஆட்டு மந்தையின் பின்னே நடக்கும் எம்மூர்ச் சிறுவனின் கைப்பேசியை அது என்னவென்று எண்ணிக்கொள்ளும் என்பது சுவையான ஆராய்ச்சி. ஆட்கள் மிகுந்த இடத்தில் இம்முறை கெட்டி. ஆள் குறைந்த எல்லைச் சாலையில் அதற்குச் செய்தி சொல்வாரும் குறைவு. 2024இல் குறுகிய சாலைகளைக் கார்களுக்குத் தவிர்த்துக் காட்டும் வசதியை எட்டு நகரங்களில் தொடங்கினார்கள். கோவை அவற்றுள் ஒன்று. அவ்வெல்லையைக் கடந்தால் வருவது வடகரப்பதி; எட்டில் இல்லை.

மேப்ல்ஸ் என்பது நம் நாட்டுச் செயலி. 1995இல் ராகேஷ் வர்மா, ரஷ்மி வர்மா என்னும் கணவன் மனைவியர் தொடங்கிய மேப்மைஇந்தியா நிறுவனம் தருவது. மேம்பாலம் வருமிடத்தில் மேலே ஏறுவதா கீழே செல்வதா என்பதைச் சித்திரமாகவே காட்டும். வேகத்தடை, சாலைப் பள்ளம், வேக வரம்பு ஆகியவற்றை முன்கூட்டிச் சொல்லும். 2025 அக்டோபரில் புகைவண்டித் துறை அமைச்சர் அசுவினி வைஷ்ணவ் இதனைப் பயன்படுத்திப் பார்த்து வெளிப்படையாகப் பாராட்டினார். துறை அமைச்சர் சொன்னதால் குமாஸ்தாவும் சொல்கின்றார் என்று எண்ணற்க. வேகத்தடைக்கு முன் அது எச்சரித்ததை எம் முதுகே அறியும்.

மூன்றாவது வகையே எம் மனத்தைக் கவர்ந்தது. 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது எந்த நிறுவனத்தின் சொத்தும் அன்று. உலகெங்கும் உள்ள பொதுமக்கள் தத்தம் தெருவைத் தாமே வரைந்து சேர்க்கும் பொதுப்படம். அதனைக் கொண்டு இயங்குபவை ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் முதலிய செயலிகள். வீட்டிலிருந்தே மாநிலப் படத்தை இறக்கிக்கொண்டால், அலையே இல்லாத மலையிலும் முழுவதும் வழி சொல்லும். விளம்பரம் இல்லை, நம்மைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்தலும் இல்லை. குறை யாதெனின், ஆர்கானிக் மேப்ஸ் நெரிசலை அறியாது. வீட்டு எண், கடைப் பெயர் முதலியன யாரேனும் சேர்த்திருந்தால்தான் உண்டு. கூகுளிலும் ஒரு பகுதியின் படத்தை இறக்கி வைக்கலாம். புதுப்பிக்காவிடில் காலாவதியாகிவிடும், இறக்கிய படம் நெரிசலையும் சொல்லாது. வேஸ் என்னும் மற்றொன்று, ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லும் வகையினது. 2013இல் கூகுளே அதனை வாங்கிக்கொண்டது. எம் பக்கத்தில் அதற்குச் செய்தி சொல்வாரைக் கண்டிலோம், விட்டுவிட்டோம்.

வெறும் வாய்ப்பேச்சு போதாதென்று, ஒரு ஞாயிறன்று எம் மைத்துனரின் காரில் மூன்று கைப்பேசிகளை மூன்று செயலிகளுடன் வைத்துக்கொண்டு, காலனியிலிருந்து எம் ஊருக்குப் புறப்பட்டோம். ஒன்று, நெடுஞ்சாலையில் வாளையாறு கடந்து, தமிழ்நாட்டிற்குள் புகுந்து, சாவடி வழியே வேலந்தாவளத்தில் மீண்டும் கேரளத்திற்குள் வரச் சொல்லிற்று. நேரம் அதிகமில்லைதான், ஆனால் எம் ஊருக்குப் போக அயல் மாநிலம் சென்று வர வேண்டுமா என்று மைத்துனர் மறுத்துவிட்டார். மற்றொன்று கஞ்சிக்கோட்டில் திரும்பி மேனோன்பாறை வழி சொல்லிற்று. அதுவே நாங்கள் நாள்தோறும் செல்லும் வழி. மூன்றாவது, கொழிஞ்சாம்பாறை வழி சென்று, ஒழலப்பதிக்கு முன்பாக இடப்புறம் ஒரு 'சாலை'யில் இறங்கச் சொல்லிற்று. இறங்கிப் பார்த்தோம். வாய்க்கால் கரை! தென்னந்தோப்பிற்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "இந்தப் பக்கம் பைக்கே பாத்துத்தான் போவணும். போன மாசம் ஒரு வேன் வந்து நின்னுது, நாங்கதான் புடிச்சுத் தூக்குனோம்" என்றார். பின்னோக்கியே வண்டியைச் செலுத்தி மேலேறினோம். எந்தச் செயலி எதைச் சொல்லிற்று என்று கேட்காதீர்கள். அடுத்த ஞாயிறு மூன்றும் இடம் மாறிச் சொன்னாலும் வியப்பதற்கில்லை.

வாய்க்கால் கரை நகைப்பிற்குரியதாக முடிந்தது. எல்லா இடத்திலும் அவ்வாறு முடிவதில்லை. 2023 அக்டோபர் முதல் நாள் நள்ளிரவுக்குப் பின், எர்ணாகுளம் மாவட்டம் கோதுருத்தில் பெருமழையின்போது கார் ஒன்று ஆற்றில் இறங்கி, இளம் மருத்துவர் இருவர் உயிரிழந்தனர். 2024 மே மாதம் கோட்டயம் மாவட்டம் குறுப்பந்தறையில் ஐதராபாத்திலிருந்து வந்த நால்வரின் கார் நீரோடையில் பாய்ந்தது, அவர்கள் தப்பினர். அதே ஆண்டு நவம்பரில் உத்தரப்பிரதேசத்துப் பரேலி அருகே, பாதியில் நின்ற பாலத்தின்மேல் ஏறிய கார் ராமகங்கையில் விழுந்து மூவர் மாண்டனர். மூன்றிலும் கைப்பேசி காட்டிய வழியே சென்றார்கள் எனச் செய்தித்தாள்கள் எழுதின. வழக்கும் விசாரணையும் எவ்வாறாயினும் ஆகுக. மழை பெய்து சாலையை நீர் மூடியிருப்பதைப் படம் அறியாது. சென்ற ஆண்டு இருந்த பாலம் இன்று இல்லை என்பதையும், யாரேனும் சொன்னாலன்றி அறியாது. புகைவண்டியில் அடுத்த நிலையம் 'லைன் கிளியர்' கொடாமல் வண்டி புறப்படாது. சாலையில் அந்த 'லைன் கிளியர்' கொடுப்பவர் ஓட்டுபவரின் கண்தான். இரவில் நீர் தேங்கிய சாலை எதிர்ப்பட்டால் இறங்கி நின்று, பக்கத்து வீட்டு விளக்கைப் பார்த்துக் கதவைத் தட்டுங்கள். எழுப்பியதற்கு வைதாலும் வழி சொல்வார்கள்.

சட்டத்தையும் ஒரு சொல்லில் கூறிவிடுவோம். 2020 அக்டோபர் முதல், வண்டி ஓட்டுகையில் கைப்பேசியை வழி அறிவதற்கு மட்டுமே பயன்படுத்தலாம். அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாதவாறு. ஆகவே அதனைத் தாங்கியில் பொருத்துக. பக்கத்தில் மனைவி இருப்பாரானால் அவரிடம் கொடுத்துவிடுவது இன்னும் நன்று. எம் அனுபவத்தில் அக்குரல் செயலியின் குரலைவிடத் தெளிவானது, மறுவழியும் சொல்லாதது.

எமது தீர்ப்பைக் கேட்கிறீர்கள். பொங்கலுக்குப் பொள்ளாச்சி, பழனி வழியே ஊர் செல்வோர், கோவை, மதுரை போன்ற நகரங்களுக்குள் நுழையும்போது கூகுளை நம்புக; நெரிசலை அதுபோல அறிந்தது வேறில்லை. மேம்பாலமும் வேகத்தடையும் மிக்க நெடுஞ்சாலைக்கு மேப்ல்ஸ் ஏற்றது. அட்டப்பாடி, நெல்லியாம்பதி, மூணாறு என மலையேறுவோர் பொதுப்படச் செயலி ஒன்றை முந்தின இரவே வீட்டில் இறக்கிக்கொள்க. ஒன்றையே பிடித்துக்கொண்டிராமல், புறப்படுமுன் இரண்டில் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் மனிதரைக் கேளுங்கள்.

இனிச் செயலாளருக்குக் கொடுத்த வாக்கு. எம் பக்கத்து ஊர்ப்பெயர்கள் தமிழ். ஆயின், படங்களில் பல ஆங்கில எழுத்தில் ஏறியுள்ளன. பின்னர் இயந்திரம் அதனைத் தமிழில் ஒலிக்கின்றது. ஒழலப்பதியும் கொழிஞ்சாம்பாறையும் 'ழ'கரம் இழந்து, எந்த நாட்டு ஊரோ என ஐயுறும்படி எம் காரில் ஒலித்தன. எம் தாயாருக்கு வயது எழுபத்தாறு; பின்னிருக்கையில் இருந்தவர், "இவ எந்த ஊருப் பொண்ணு? நம்ம ஊருப் பேர்கூடத் தெரியாதவகிட்டயா வழி கேக்கறீங்க?" என்றார். இதற்கு மருந்து நம் கையிலேயே உள்ளது. பொதுப்படத்தில் ஒவ்வோர் ஊருக்கும் தமிழ்ப்பெயரைத் தமிழ் எழுத்திலேயே பதிவதற்குத் தனி இடம் உண்டு. கட்டணம் இல்லை, பட்டம் வேண்டா, கணக்கு ஒன்று தொடங்கினால் போதும். மற்றைச் செயலிகளிலும் விடுபட்ட ஊரைத் தெரிவிக்க வழி உண்டு. அவர்கள் சரிபார்த்துச் சேர்ப்பார்கள். அன்றியும், 2025இல் அஞ்சல் துறை வெளியிட்ட 'டிஜிபின்' என்னும் பத்து எழுத்துக் குறி, நாட்டின் ஒவ்வொரு நான்கு மீட்டர்ச் சதுரத்தையும் தனித்தனியே சுட்டும். வீட்டு வாசலில் நின்று அதனை எடுத்து எழுதி, வெளியூரில் வாழும் மக்களுக்கு அனுப்பி வையுங்கள்.

பெரியவரின் கருமாதி கழிந்த மறுவாரம், அவருடைய மகனும் நம் காலனி மாணவர் மூவரும் யாமும் புதூரில் தெருத் தெருவாக நடந்தோம். குளம், மாரியம்மன் கோயில், தொடக்கப் பள்ளி, ரேஷன் கடை, பேருந்து நிற்கும் ஆலமரம், சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வந்து பொதுப்படத்தில் ஏற்றினோம். வாய்க்கால் கரையைக் கார் செல்லாத தடம் என்று திருத்தினோம். இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. அவ்வம்மையார் மங்களூரிலிருந்தே தம் கைப்பேசியில் தேடிப் பார்த்து, எங்கள் வீடு இருக்கும் தெரு தெரிகின்றது என்று சொன்னாராம்.

விழா முடிந்து வெளியே செல்லும் வழியில், தண்ணீர்ப் பானைக்கு அருகில் உள்ள மேசைமீது நீல அட்டை நோட்டு ஒன்று வைத்துள்ளோம். உங்கள் சொந்த ஊரின் பெயரையும், அங்கு செல்லும் வழியில் படங்களில் காணப்படாத ஊர்களின் பெயர்களையும் தமிழில் எழுதிச் செல்லுங்கள். மாணவர்கள் ஏற்றித் தருவார்கள். புதூர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எந்தப் புதூர், எவ்வூருக்கு அருகே, எந்தச் சாலையில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.